கஜுக் கோதிலிருந்து கணனிப் பலகை வருமா?

உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டிலோ, கட்டிலுக்குக் கீழே உள்ள பெட்டியிலோ பழுதாகிப்போன ஒரு கைத்தொலைபேசி, ஒரு ரேடியோ, பிள்ளைகளின் விளையாட்டுக் கார் என்று ஏதாவதொன்று கட்டாயம் கிடக்கும். திருத்தவும் முடியாது, வீசவும் மனம் வராது. அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் பச்சை நிறத்தில் தட்டையான பலகை ஒன்று தெரியும். அதன்மேல் எறும்பு ஊர்ந்த தடம்போல மெல்லிய கோடுகள். கோடுகளின் சந்திகளில் சின்னச் சின்ன உறுப்புகள். இதைத்தான் மின்சுற்றுப் பலகை என்கிறோம். ரேடியோ திருத்தும் கடைக்காரரிடம் கேட்டால் "போர்ட்" என்பார்.

இன்று இந்தப் பலகை இல்லாத வீடே இல்லை. சலவை இயந்திரத்தில் இருக்கிறது, மின்குமிழில் இருக்கிறது, வைத்தியர் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் இருக்கிறது. ஆனால் அது எதனால் செய்யப்பட்டது, பழுதான பிறகு எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

அந்தப் பலகையைப் பிடித்து நிறுத்தும் பிசின் பெற்றோலியத்திலிருந்து வருகிறது. அதற்குப் பதிலாக மரம், செடி, விதை, கோது ஆகியவற்றிலிருந்து எடுக்கும் பிசினைப் பயன்படுத்த முடியுமா என்று ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகிறார்கள். கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆனால் "தாவரத்தில் செய்தது" என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடனே மகிழ்ந்துவிடலாமா? பொறுமையாகப் பார்ப்போம்.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் அது வெறும் பிளாஸ்டிக் தகடு போலத்தான் தெரியும். உண்மையில் அது அடுக்கடுக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள். முதலில் கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து, அந்த நூலைத் துணிபோல நெய்கிறார்கள். அந்தக் கண்ணாடித் துணியை எபொக்சி என்னும் பிசினில் தோய்த்து, பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சூடாக்கி அழுத்துகிறார்கள். அதன் முகத்தில் மெல்லிய செப்புத் தகட்டை ஒட்டுகிறார்கள். பிறகு வேண்டாத செப்பை இரசாயனத்தால் கரைத்து அகற்றிவிட்டால், மிஞ்சி நிற்கும் செப்புக் கோடுகளே மின்சாரம் ஓடும் பாதைகளாகிவிடுகின்றன.

இதில் கண்ணாடி பலம் தருகிறது. செப்பு பாதை தருகிறது. பிசினுக்கோ இரண்டு வேலை: எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைப்பது ஒன்று, மின்சாரம் தன் பாதையை விட்டுப் பக்கத்துப் பாதைக்குத் தாவாமல் தடுப்பது மற்றொன்று.

இன்று உலகில் அதிகமாகப் பயன்படும் பலகை வகைக்கு எப்.ஆர். 4 என்று பெயர். எப்.ஆர். என்பது தீயைத் தடுப்பது என்பதைக் குறிக்கும். மின்சாரம் ஓடும் பொருள் சூடேறித் தீப்பிடித்துவிடக் கூடாதல்லவா? அதற்காகப் பிசினுக்குள் புரோமீன் சேர்ந்த ஓர் இரசாயனத்தைக் கலக்கிறார்கள். இந்த வகைப் பிசினின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 வீதம் வரை புரோமீன் இருக்கும்.

எபொக்சியோ முக்கியமாக இரண்டு பொருள்களைச் சேர்த்துச் செய்யப்படுகிறது. ஒன்று பிஸ்பீனோல் ஏ. குழந்தைகளின் பிளாஸ்டிக் பால்போத்தல்களில் இது இருக்கக் கூடாதென 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்ததே, அதே பொருள்தான். மற்றது எபிகுளோரோஹைட்ரின். இரண்டும் நீண்ட காலமாகப் பெற்றோலியத்திலிருந்தே எடுக்கப்பட்டு வந்தன.

அரக்கில் தொடங்கிய கதை

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். மின்சாரத்துக்குக் காவலாகப் பிசினைப் பயன்படுத்தும் வழக்கம் பெற்றோலியத்தில் தொடங்கவில்லை. அது அரக்கில் தொடங்கியது. கடித உறைகளில் முத்திரை வைப்பதற்கு உருக்கி ஊற்றுவார்களே, அந்த அரக்குத்தான். மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது அது; இந்தியாவிலிருந்து மேல்நாடுகளுக்குப் பெருமளவில் ஏற்றுமதியானது. மின்சாரம் பரவத் தொடங்கிய காலத்தில் கம்பிகளுக்கும் கருவிகளுக்கும் காவல் பூச்சாக அரக்கே பயன்பட்டது. ஆனால் உலகத்தின் தேவைக்கு ஈடுகொடுத்துப் பூச்சியால் சுரக்க முடியுமா? விலை ஏறியது.

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் என்ற இரசாயனவியலாளர் அரக்குக்கு மாற்று ஒன்றைத் தேடினார். 1907இல் பீனோலையும் போமல்டிகைட்டையும் சேர்த்து, சூட்டில் இறுகி மீண்டும் உருகாத ஒரு பொருளை உண்டாக்கினார். அதுவே பேக்லைட். பழைய வீடுகளின் கறுப்பு நிற வட்டச் சுவிச்சுகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அவை பெரும்பாலும் பேக்லைட்டால் ஆனவை.

அடுத்து வியன்னாவில் பிறந்து 1936இல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த போல் ஐஸ்லர் என்ற பொறியியலாளர், கம்பிகளை ஒவ்வொன்றாக இணைக்காமல் செப்புக் கோடுகளாகப் பலகையிலேயே பதித்துவிடலாம் என்று காட்டினார். 1943இல் அதற்கான உரிமைப் பதிவுக்கு விண்ணப்பித்தார். ஆரம்பகாலப் பலகைகள் பல, பேக்லைட் வகைப் பிசினில் தோய்த்த கடதாசி அடுக்குகளால் ஆனவை. 1960களின் பிற்பகுதியிலிருந்து கண்ணாடித் துணியும் எபொக்சியும் சேர்ந்த எப்.ஆர். 4 அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆக, இயற்கைப் பிசின் போதாமல்தான் மனிதன் செயற்கைப் பிசினுக்குப் போனான். இப்போது மீண்டும் மரத்தடிக்கே வந்து நிற்கிறான். ஏன்?

அவித்த முட்டை

உறைந்த தேங்காயெண்ணெயைச் சட்டியில் வைத்துச் சூடாக்கினால் உருகும்; ஆறினால் மீண்டும் உறையும். எத்தனை முறை வேண்டுமானாலும் அப்படிச் செய்யலாம். ஆனால் முட்டையை ஒருமுறை அவித்துவிட்டால்? மீண்டும் எவ்வளவு சூடாக்கினாலும் அது பச்சை முட்டையாக மாறாது. கூடுதலாகச் சூடாக்கினால் கருகும், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக்குகளிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. தண்ணீர்ப் போத்தலும் பொலித்தீன் பையும் தேங்காயெண்ணெய் வகை. உருக்கி வேறொன்று வார்க்கலாம். பேக்லைட்டும் எபொக்சியும் அவித்த முட்டை வகை. அவற்றின் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் ஒன்றையொன்று பிடித்து ஒரே வலையாகிவிடுகின்றன. பலகைக்கு வேண்டிய உறுதி அந்த வலையினால்தான் கிடைக்கிறது. பலகையைப் பிரிக்க முடியாமற் போவதும் அதே வலையினால்தான்.

பிரிக்க முடியாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்த வலைக்குள் செப்பு இருக்கிறது. தங்கமும் வெள்ளியும் இருக்கின்றன. ஒரு தொன் தங்கக் கனியத்தில் சில கிராம் தங்கமே கிடைப்பது வழக்கம். ஒரு தொன் கணனிப் பலகைகளிலோ நூறு கிராமுக்கு மேலும் கிடைப்பதுண்டு. பிரித்தானியாவின் அரச நாணயசாலை, வேல்ஸ் நாட்டில் உள்ள லான்றிசன்ற் என்னுமிடத்தில் பழைய பலகைகளிலிருந்து தங்கம் எடுப்பதற்கென்றே 2024இல் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஆனால் எல்லாப் பலகைகளும் அத்தகைய தொழிற்சாலைக்குப் போவதில்லை.

பலகையை எரிப்பவர் யார்?

ஐக்கிய நாடுகள் சபையின் நிறுவனங்கள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியல் கழிவு சேர்ந்தது. 40 தொன் ஏற்றும் லொறிகளில் அதை ஏற்றினால் 15 இலட்சத்து 50 ஆயிரம் லொறிகள் வேண்டும். அவற்றை வரிசையாக நிறுத்தினால் பூமத்திய ரேகையையே சுற்றிவிடலாம். அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 வீதம் மட்டுமே. இப்படியே போனால் 2030இல் கழிவின் அளவு 8 கோடியே 20 இலட்சம் தொன்னை எட்டும் என்கிறது அவ்வறிக்கை.

மிகுதி எங்கே? ஒரு பகுதி உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் அலுமாரிக்குள் கிடக்கிறது. ஒரு பகுதி குப்பை மேட்டில். இன்னொரு பகுதி ஏழைகளின் கையில்.

சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் உள்ள குயியு என்ற ஊர் இதற்குப் பேர்போனது. பல ஆண்டுகளாக அங்கே வீட்டு முற்றங்களிலேயே பலகைகளைக் கரி அடுப்பின்மேல் வைத்துச் சூடாக்கி, பற்றாசு ஈயம் இளகியதும் உறுப்புகளைப் பிடுங்கி எடுத்தார்கள். மிச்சத்தை எரித்தார்கள், அல்லது அமிலத்தில் தோய்த்தார்கள். அவ்வூரின் 165 சிறுவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. அவர்கள் எல்லோரும் ஆறு வயதுக்கு மேற்படாதவர்கள். நூற்றுக்கு 81.8 வீதமானோரின் இரத்தத்தில் ஈயம் அக்காலத்தில் எச்சரிக்கை அளவாகக் கொள்ளப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தது. ஈயம் வளரும் பிள்ளையின் மூளையைத் தாக்கும்; படிப்பையும் கவனத்தையும் கெடுக்கும். ஒருமுறை ஏற்பட்ட அந்தப் பாதிப்பை மருந்தால் மாற்ற முடியாது. பின்னர் குயியுவின் பட்டறைகளை ஒரு கைத்தொழிற் பேட்டைக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அதே வேலை உலகின் வேறு பல ஊர்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, முறைசாராக் கழிவுத் தொழிலில் 1 கோடியே 29 இலட்சம் பெண்கள் வரை வேலை செய்வதாகக் கூறுகிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அந்தப் புகையைச் சுவாசிக்கும் தாய்மாரும் அவர்களுள் அடக்கம்.

பற்றாசிலிருந்து ஈயத்தை அகற்ற உலகம் முயன்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஜூலை முதலாந் திகதியிலிருந்து பெரும்பாலான இலத்திரனியல் பொருள்களில் ஈயம் தடை. நல்லது. ஆனால் பிசின் மாறவில்லை. புரோமீன் கலந்த பிசினை வெளியில் வைத்துக் குறைந்த சூட்டில் எரித்தால் டயொக்சினைப் போன்ற கொடிய நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன. ஈயம் போனாலும் புகை போகவில்லை.

மரத்திடம் கேட்ட உதவி

இனி, தாவரப் பிசினுக்கு வருவோம். எந்தத் தாவரத்திலிருந்து, எப்படி?

முதலாவது இலிக்னின். மரத்தின் நார்களைச் சீமெந்துபோலப் பிடித்து நிறுத்தும் பொருள் இது. மரத்தின் எடையில் 20 முதல் 30 வீதம் வரை இதுதான். நம் நாட்டுத் தேங்காய்த் தும்பு தண்ணீரில் கிடந்தும் எளிதில் உக்காமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் அதில் இலிக்னின் இன்னும் அதிகமாக இருப்பதுதான். கடதாசித் தொழிற்சாலைகளில் மரக்கூழிலிருந்து இலிக்னினைப் பிரித்தெடுத்து, பெரும்பகுதியை எரிபொருளாக எரித்துவிடுகிறார்கள். இந்தக் கழிவைப் பிசினாக்கலாமே என்று அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பனியின் ஆய்வாளர்கள் 1990களில் முயன்றார்கள். இலிக்னினைக் கணிசமான பங்காகச் சேர்த்த எபொக்சிப் பிசினை உண்டாக்கி, வழக்கமான இயந்திரங்களிலேயே மின்சுற்றுப் பலகை செய்தும் காட்டினார்கள்.

இரண்டாவது எண்ணெய் வித்துகள். சோயா எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றின் மூலக்கூறுகளைச் சிறிது மாற்றினால் அவையும் இறுகும் பிசினாகும். அமெரிக்காவின் டெலவெயார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரிச்சர்ட் வூலும் அவருடைய குழுவினரும் 2000களின் தொடக்கத்தில் சோயாப் பிசினையும் கோழி இறகையும் சேர்த்துப் பலகை செய்தார்கள். சிரிக்க வேண்டாம்! கோழி இறகின் நார் உட்குழாய் உள்ளது. அதற்குள் காற்று அடைபட்டு இருக்கிறது. காற்று மிகச் சிறந்த காவலி. கண்ணாடி இழைப் பலகையைவிட இந்தப் பலகையில் மின்சமிக்ஞைகள் வேகமாக ஓட வழியுண்டு என்று அவர்கள் கண்டார்கள்.

மூன்றாவது கிளிசரின். சவர்க்காரம் செய்யும்போதும், தாவர எண்ணெயிலிருந்து டீசல் செய்யும்போதும் கிடைக்கும் உபபொருள் அது. எபொக்சிக்கு வேண்டிய எபிகுளோரோஹைட்ரினைப் பெற்றோலியத்துக்குப் பதிலாகக் கிளிசரினிலிருந்து செய்யும் முறையை சொல்வே என்ற கம்பனி வளர்த்தெடுத்தது. 2012இல் தாய்லாந்தின் மாப் தா புட் நகரில் ஆண்டுக்கு 100,000 தொன் தயாரிக்கும் ஆலை தொடங்கியது. இது பரிசோதனைச்சாலையோடு நின்றுபோன விஷயமல்ல, வியாபாரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். சாதாரண எபொக்சி மூலக்கூறு ஒன்றில் 21 காபன் அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் எபிகுளோரோஹைட்ரினிலிருந்து வருபவை 6 மட்டும். மற்ற 15உம் பிஸ்பீனோல் ஏயிலிருந்து வருகின்றன. ஆகவே ஒரு பொருளில் "தாவர மூலம்" என்று எழுதியிருந்தால், எத்தனை பங்கு என்று கேட்பதும் நமது உரிமையே.

நான்காவது நமக்கு நன்றாகத் தெரிந்தது: கஜு. புத்தளம், மன்னார், குருநாகல், மட்டக்களப்புப் பக்கத்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஜுக் கொட்டையின் கோதை உடைக்கும்போது வழியும் எண்ணெய் கையில் பட்டால் எரியும். தோல் கறுத்து உரிந்துவிடும். அதனால்தான் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொள்கிறார்கள். அந்த எண்ணெயைச் சூடாக்கிச் சுத்திகரித்தால் கார்டனோல் என்ற பொருள் கிடைக்கும். அது பீனோல் வகையைச் சேர்ந்தது. பேக்லண்ட் கையாண்ட பீனோலுக்கு உறவுக்காரர் என்று சொல்லலாம். வாகனங்களின் பிரேக் பட்டைகளிலும், கப்பல்களுக்குப் பூசும் எபொக்சிப் பூச்சை இறுகச் செய்யும் பொருள்களிலும் கஜுக் கோது எண்ணெய் ஏற்கெனவே பயன்படுகிறது. அதைப் பலகைப் பிசினாக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இலிக்னின் கடதாசிக் கழிவு. கிளிசரின் உபபொருள். கஜுக் கோது, பருப்பை எடுத்தபின் மிஞ்சுவது. இவற்றை எடுப்பதால் எவருடைய சாப்பாட்டுக் கோப்பையும் குறையாது. சோயா எண்ணெய் அப்படியல்ல. சமையலுக்குப் போக வேண்டிய எண்ணெயையும், உணவு விளைய வேண்டிய நிலத்தையும் பிசினுக்குக் கொடுத்தால், சுற்றாடலைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு ஏழையின் அடுப்பில் கைவைத்ததாக ஆகிவிடும். கோதை எடுங்கள், பருப்பை விடுங்கள் என்பதே இதில் நல்ல கொள்கை.

நான்கு பரீட்சைகள்

இவ்வளவு வழிகள் இருந்தும் உங்கள் கைத்தொலைபேசியில் ஏன் இன்னும் எப்.ஆர். 4 வகைப் பலகையே இருக்கிறது? ஏனென்றால் பலகையாக வர விரும்பும் எந்தப் பிசினும் நான்கு பரீட்சைகளில் தேற வேண்டும்.

முதலாவது, சூடு. ஈயமில்லாத பற்றாசு உருக ஏறத்தாழ 217 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பலகை செல்லும் சூளையின் வெப்பம் 240 பாகையையும் தாண்டும். ஈயம் இருந்த காலத்தில் இதைவிடக் குறைந்த வெப்பம் போதுமாக இருந்தது. பிள்ளைகளைக் காக்க ஈயத்தை அகற்றியதால் புதிய பிசின்களின் பரீட்சை கடினமாகிவிட்டது. கார்டனோலுக்கு எண்ணெய்த் தன்மையான நீண்ட வால் ஒன்று உண்டு. பிசினுக்கு அது வளைந்து கொடுக்கும் குணத்தைத் தருகிறது. ஆனால் அதே வால் சூட்டில் பிசினைச் சீக்கிரம் இளக வைத்துவிடுகிறது.

இரண்டாவது, தண்ணீர். தாவர நார் இயல்பாகவே ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் காவல் குறையும்; சூடேறும்போது ஆவியாகி அடுக்குகளைப் பிளந்துவிடும். கொழும்பின் வெக்கையிலும் மழைக்கால ஈரத்திலும் உப்பும் சீனியும் கசிவதைப் பார்க்கிறோம் அல்லவா? அதே ஈரம் பலகையையும் விடாது.

மூன்றாவது, தீ. பலகைத் துண்டொன்றைச் செங்குத்தாகப் பிடித்து அடியில் பத்து விநாடிகள் சுவாலையைக் காட்டி எடுப்பார்கள். உயர்ந்த தரம் பெற வேண்டுமானால் பத்து விநாடிகளுக்குள் தானாகவே அணைந்துவிட வேண்டும். விறகுக்கு உறவான பொருளிடம் இதை எதிர்பார்ப்பது எளிதன்று. புரோமீனுக்குப் பதிலாகப் பொசுபரசு சேர்ந்த பொருள்களைக் கலப்பது ஒரு வழி. அப்படிச் செய்த புரோமீன் இல்லாத பலகைகள் சந்தையில் இருக்கவே இருக்கின்றன.

நான்காவது, காலம். வைத்தியசாலைக் கருவியின் பலகை பத்துப் பதினைந்து வருடம் பிசகாமல் உழைக்க வேண்டும். நோயாளியின் மூச்சு அதில் தங்கியிருக்கலாம். அங்கே "இயற்கையானது" என்ற பெயருக்காக மட்டும் எவரும் மாற்றம் செய்யத் துணியமாட்டார்கள், துணியவும் கூடாது.

பிறப்பு மட்டும் போதுமா?

வாசகர்களே, இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

இலிக்னினிலிருந்தோ கஜுக் கோதிலிருந்தோ பிசின் செய்து பலகையாக்கி இறுக்கிவிட்டால், அதுவும் அவித்த முட்டைதான். நாட்டுக்கோழி முட்டையானாலும் பண்ணைக் கோழி முட்டையானாலும் அவித்தபின் வேறுபாடு இல்லை. அந்தப் பலகையும் உருகாது, கரையாது, உக்காது. குயியு போன்ற ஊரில் கரி அடுப்பின்முன் குந்தியிருக்கும் தாய்க்கு, அவள் எரிக்கும் பிசின் கிணற்றிலிருந்து வந்ததா, காட்டிலிருந்து வந்ததா என்பதால் என்ன விடிவு? பெற்றோலியம் மிச்சம், அதற்காக எரிக்கும் தேவை ஒழியவில்லை.

ஆகவே பலகையின் பிறப்பை மாற்றினால் மட்டும் போதாது. அதன் முடிவையும் மாற்ற வேண்டும். நல்ல வேளையாக, இரண்டாவது வேலையும் தொடங்கிவிட்டது.

பிரான்ஸ் நாட்டின் லுட்விக் லைப்லரும் அவருடைய சகாக்களும் 2011இல் புதுவகைப் பிசின் ஒன்றை அறிமுகம் செய்தார்கள். விட்றிமர் என்று அதற்குப் பெயர். அதன் மூலக்கூறுகளும் வலையாகத்தான் பின்னிப் பிடித்திருக்கும். ஆனால் தக்க சூட்டில் ஒரு கையை விட்டு மறு கையைப் பிடிக்கும். பலம் குறையாமலே வடிவத்தை மாற்றிக்கொள்ளும். அவித்த முட்டையை மீண்டும் பச்சையாக்கும் வித்தை என்றே சொல்லலாம். 2024இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விட்றிமரைக் கொண்டு மின்சுற்றுப் பலகை செய்தார்கள். பழைய பலகையை ஒரு கரைப்பானில் இட்டு மிதமாகச் சூடாக்க, பிசின் பஞ்சுபோல ஊதிக் கண்ணாடித் துணியை விட்டுக் கழன்றுவிட்டது. பிசினில் 98 வீதமும், கண்ணாடி இழை முழுவதும், கரைப்பானில் 91 வீதமும் மீண்டும் கைக்கு வந்தன. இது தாவரப் பிசின் என்ற பெயரோடு வந்ததன்று. ஆனால் எரிக்காமலே பலகையைப் பிரிக்கலாம் என்பதை இது காட்டிவிட்டது.

பிரித்தானியாவின் ஜீவா மெற்றீரியல்ஸ் என்ற சிறு கம்பனியோ வேறு வழியில் போனது. கண்ணாடித் துணிக்குப் பதிலாகத் தாவர இழை. அதைச் சுற்றிப் புரோமீனும் குளோரீனும் இல்லாத ஒரு பிசின். சொலுபோர்ட் என்று பெயர். கொதிக்கும் பதத்தை நெருங்கிய சுடுநீரில் அமிழ்த்தினால் அடுக்குகள் பிரிந்துவிடும். உறுப்புகளைப் பொறுக்கி எடுக்கலாம்; இழையை உரமாக உக்க விடலாம் என்கிறது கம்பனி. ஜேர்மனியின் இன்பினியொன் என்ற பெரிய கம்பனி, தன் வாடிக்கையாளர்களுக்குப் பரீட்சித்துக் காட்டும் பலகைகளை இதில் செய்யத் தொடங்கியிருப்பதாக 2023 ஜூலையில் அறிவித்தது. காட்சிப் பலகைகளுக்கு ஆயுள் குறைவு. சூட்டையும் ஈரத்தையும் அதிகம் காணாதவை. ஆகவே அங்கே தொடங்கியது புத்திசாலித்தனமே. சுடுநீரில் கரையும் பலகையை அதே நிலையில் சலவை இயந்திரத்துக்குள் வைக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இந்த இரண்டு பாதைகளும் ஒன்றுசேரும் இடத்தில்தான் உண்மையான பலகை கிடைக்கும். கழிவுக் கோதில் பிறந்து, பதினைந்து வருடம் உழைத்து, அடுப்பும் அமிலமும் இல்லாமல் பிரிந்து கொடுக்கும் பலகை. ஆய்வுக்கூடங்களில் தாவரப் பொருள்களிலிருந்தே விட்றிமர் செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. கஜுவும் தென்னையும் வளரும் நம் நாட்டின் மாணவ மாணவியர், இரசாயனவியல் பாடத்தை வெறும் பரீட்சைக்காக மட்டும் படிக்காமல், இத்தகைய வேலைகளிலும் கண்வைக்கலாமே! உம்மாமார் சாம்பல் பூசிக்கொண்டு உடைத்த கோதிலிருந்து மகள் ஒருத்தி பிசின் செய்யும் நாள் வரக்கூடாதா என்ன?

அதுவரை நாம்

புதிய பலகை கடைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, எரிக்காதீர்கள். பழைய வயரிலிருந்து செப்பு எடுப்பதற்காகவும், குப்பையைக் குறைப்பதற்காகவும் வீட்டுத் தோட்டத்தில் நெருப்பு வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பலகையும் வயரும் அந்த நெருப்பில் விழக் கூடாது. புகை முதலில் போவது உங்கள் பிள்ளையின் நெஞ்சுக்குத்தான்.

இரண்டாவது, உடைத்த பலகையைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். பழைய பொருள்களின் பற்றாசில் ஈயம் இருக்கலாம். பிள்ளையின் கை அடுத்துப் போவது வாய்க்கு.

மூன்றாவது, பழையதைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்காதீர்கள். பற்றரியைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியாக வையுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பாளர் யார் என்று விசாரித்து, அவரிடம் ஒப்படையுங்கள். ஊரிலோ பாடசாலையிலோ ஒரு நாளைக் குறித்து எல்லா வீட்டுப் பழைய பொருள்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் இலகு.

நான்காவது, திருத்திப் பாவியுங்கள். ஒரு கைத்தொலைபேசியை மூன்று வருடத்துக்குப் பதிலாக ஆறு வருடம் பாவித்தால், ஒரு பலகை செய்யப்படாமலேயே மிச்சமாகிறது. எந்தத் தாவரப் பிசினாலும் இதைவிட நல்ல பலகையைத் தர முடியாது. சந்தியில் இருக்கும் திருத்துநரின் கையில் உள்ள பற்றாசுக் கோலுக்கும் சுற்றாடலைக் காப்பதில் பங்குண்டு.

ஐந்தாவது, புதிதாக வாங்கும்போது கேள்வி கேளுங்கள். "இதைத் திருத்த உதிரிப்பாகம் கிடைக்குமா? பழுதானால் திரும்ப எடுப்பீர்களா?" ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் கம்பனிக்கு எழுதுவார்.

அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் அந்தப் பச்சைப் பலகை நம் கையை விட்டுப் போனபின் யாரோ ஒருவரின் கைக்குப் போகிறது. அந்தக் கை ஒரு சிறு பிள்ளையின் கையாக இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம்மால் முடிந்த காரியமே.